வரையறுக்கப்பட்ட நகர்வு: கைபேசியும் சில எல்லைக்கோடுகளும்

2001 ஜனவரியில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் ஒரு சொற்சேர்க்கை வருகிறது. 'லிமிடெட் மொபிலிட்டி'. தமிழில் 'வரையறுக்கப்பட்ட நகர்வு' எனலாம். தரைவழித் தொலைபேசிச் சேவைக்கு உரிமம் பெற்ற கம்பெனிகள் வீட்டுக்கு வரும் கடைசிக் கம்பிக்குப் பதிலாக அலைவரிசையைப் பயன்படுத்திக்கொள்ளலாம், வாடிக்கையாளர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரியும்படியான கருவியையும் கொடுக்கலாம், ஆனால் அந்தக் கருவி ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் மட்டுமே பேச வேண்டும் என்பது இதன் பொருள். எல்லையைத் தாண்டினால் அது ஊமையாகிவிட வேண்டும். கட்டணம் மூன்று நிமிடத்துக்கு 1 ரூபாய் 20 காசு. தரைவழிப் போனுக்கு உள்ள அதே உள்ளூர்க் கட்டணம். 'டபிள்யூஎல்எல் போன்'னு அப்போது பேசப்பட்டது இதைத்தான்.

இந்தச் சொற்சேர்க்கையை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்ப்பது பயனுள்ளது. இதில் 'வரையறுப்பது' யார்? தொழில்நுட்பம் வரையறுக்கவில்லை. அடுத்த ஊரில் நிற்கிற டவரும் அதே கம்பெனியுடையதாக இருக்கலாம், அதே அலைவரிசையில் இயங்கலாம், அந்தக் கருவியின் குரலை வாங்கிக்கொள்ள அதற்கு எந்தத் தடையும் இல்லாமலிருக்கலாம். ஆயினும் வாங்கிக்கொள்ளக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. செல்போன் குறித்த நமது புலம்பல்கள் பலவும் ('இந்தப் போன்ல அந்தக் கார்டு போட்டா எடுக்க மாட்டேங்குது', 'அங்க போனா சிக்னல் இல்ல', 'அவன் நெட்வொர்க்குக்கு அடிச்சா போக மாட்டேங்குது') ஏதோ எந்திரத்தின் கோளாறு போலவே நமக்குத் தோன்றுகின்றன. கடந்த முப்பதாண்டுக் காலத்தை எடுத்துப் பார்த்தால், இவற்றில் பெரும்பகுதி கோளாறு அல்ல. திட்டமிட்டு உற்பத்தி செய்யப்பட்ட பொருந்தாமை. அதிகாரம் தடுப்பதோடு நின்றுவிடுவதில்லை, அது உற்பத்தியும் செய்கிறது என்று ஃபூக்கோவை முன்வைத்துச் சிறுபத்திரிகைகளில் நிறையவே எழுதித் தீர்த்தாயிற்று. அதற்கு இவ்வளவு எளிய உதாரணம் கிடைப்பது அரிது.

எல்லை எது என்று பார்ப்போம். இந்தியாவை 2,647 'குறுந்தொலைவுக் கட்டணப் பகுதி'களாகத் தொலைபேசித் துறை பிரித்து வைத்திருந்தது. சாமானிய மொழியில் சொன்னால் ஒரு எஸ்டிடி குறியீட்டு எண்ணுக்கு உட்பட்ட பகுதி. வையம்பட்டிக்கு மணப்பாறையின் எண், 04332. திருச்சி மாநகருக்கு 0431. அதாவது சட்டப்படி, வையம்பட்டியில் பதிவான ஒரு டபிள்யூஎல்எல் போன் மணப்பாறை மாட்டுச் சந்தை வரைக்கும் பேசும். அதற்கப்பால் திருச்சிக்குப் பஸ் ஏறினால் பாதி வழியில் வாயை மூடிக்கொள்ளும். தெற்கே திண்டுக்கல் சாலையில் அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குப் போனாலோ மாவட்டமே வேறு, எண்ணும் வேறு.

வையம்பட்டி எப்படிப்பட்ட ஊர் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அபத்தம் உடனே விளங்கும். ஒன்றியத் தலைநகர், நெடுஞ்சாலையில் ஒரு கடைத்தெரு, ஒரு ரயில் நிலையம், சுற்றிலும் மானாவாரிக் காடு. காவிரி பாயும் திருச்சி மாவட்டத்தில் காவிரியைப் பார்க்காத பக்கம் இது. பொன்னணியாறு அணையில் தண்ணி இருந்தா கொஞ்சம் பேருக்கு வெள்ளாமை, இல்லாட்டா திருப்பூர், கோயமுத்தூர், சென்னை. ஆடு மாடு வாங்கி விற்கிறவர், லாரியில் போகிறவர், கட்டட வேலைக்குப் போகிறவர் என்று இங்கு பிழைப்பு என்பதே எல்லை தாண்டுவதுதான். இப்படிப்பட்ட மண்ணில், குறைந்த கட்டணத்தில் கிடைக்கும் போன் நகரக் கூடாது, நகரும் போனுக்கு அதிகக் கட்டணம் கொடுத்தாக வேண்டும் என்கிற ஏற்பாடு யாருடைய பார்வையிலிருந்து வருகிறது? வீட்டில் இருப்பவன், கடையில் உட்கார்ந்திருப்பவன் ஆகியோரையே ஏழை வாடிக்கையாளராகக் கற்பனை செய்யமுடிந்த ஒரு பார்வையிலிருந்து. அலைபவனை அது கணக்கில் எடுத்ததில்லை.

'செல்பேசி' என்ற சொல்லையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். கைபேசியா, அலைபேசியா, செல்பேசியா என்று தமிழறிஞர்கள் சண்டை பிடித்ததுண்டு. 'செல்' என்பது ஆங்கிலச் சொல்லின் ஒலிபெயர்ப்புத்தான் என்றாலும், தமிழில் அது 'போ' என்றும் பொருள்படுவதால், செல்லும் பேசி என்று வினைத்தொகையாகக் கொண்டு திருப்திப்பட்டவர்கள் உண்டு. 2001இன் சட்டம் உருவாக்கியதோ செல்லாப் பேசி. இலக்கணக்காரர்கள் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்பார்கள்.

இந்த எல்லைக்கோடு எங்கிருந்து வந்தது என்பதற்குச் சற்றுப் பின்னே போக வேண்டும். 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம், தந்தி நடத்தும் தனியுரிமை சர்க்காருக்கே என்றது. அந்த ஏகபோகத்தில் 1994ஆம் ஆண்டுத் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை தனியாருக்கு வாசல் திறந்தது. 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அலைவரிசை பொதுச்சொத்து என்று, கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கு ஒன்றில், தீர்ப்பளித்தது. அதே 1995 ஜூலை 31இல் கல்கத்தாவில் ஜோதிபாசு முதல் செல்போன் அழைப்பைச் செய்தார். பொதுச்சொத்து என்று சொல்லிவிட்டுக் கூறுபோட்டுக் குத்தகைக்கு விடுவது நம் ஊர்க் கண்மாய் மீன்பாசிக் குத்தகை மாதிரிதான். அலைவரிசையைக் கூறு போட ஒரு வரைபடம் தேவைப்பட்டது. நான்கு பெருநகரங்கள் தனி. மற்ற இடங்கள் 'வட்டங்கள்', அவை ஏ, பி, சி எனத் தரம் பிரிக்கப்பட்டவை. சென்னை ஒரு வட்டம். சென்னை நீங்கிய தமிழ்நாடு இன்னொரு வட்டம்.

1956இல் மொழியை வைத்து மாநிலம் பிரித்தார்கள் என்றால், நாற்பது ஆண்டு கழித்துச் சந்தையை வைத்து அதே மாநிலத்தை இரண்டாக்கினார்கள். இதைக் குறித்து ஒரு கூட்டம், ஒரு துண்டறிக்கை போடப்பட்டதாக எனக்கு நினைவில்லை. தமிழ்நாட்டு வட்டத்து எண்ணோடு சென்னைக்குப் போனவர் வெளியூரான்; 'ரோமிங்'. பேசினாலும் காசு, தன்னை யாராவது கூப்பிட்டாலும் காசு. உள்ளே வரும் அழைப்புக்குக் கட்டணம் வாங்கும் வழக்கம் 2003 மே மாதம்தான் பொதுவாக ஒழிந்தது. தொடக்க ஆண்டுகளில் நெரிசல் நேரத்து நிமிடக் கட்டணத்தின் உச்சவரம்பு 16 ரூபாய் 80 காசு. அன்று வையம்பட்டிச் சனங்களில் மிகப் பெரும்பாலோருக்குப் போன் என்றால் மஞ்சள் போர்டு மாட்டிய எஸ்டிடி பூத்துதான் என்பதால் இந்த ரோமிங் தொல்லை அவர்களைத் தொடவில்லை என்று வாதிடலாம். வரைபடம் போடப்பட்டது அப்போது. அதன் செலவு வந்து சேர்ந்தது பின்னால். சென்னைக்கும் பிற தமிழ்நாட்டுக்கும் இடையிலான அழைப்பு ஒரே வட்டத்துக்குள் உள்ளதாகக் கணக்கிடப்பட்டது 2005இல்தான். (வரைபடங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமலிருப்பது எங்கள் பக்கத்துக்குப் பழகிப்போனதுதான். மணப்பாறைத் தொகுதி இருப்பது திருச்சி மாவட்டத்தில், 2008 மறுசீரமைப்புக்குப் பின் எம்.பி. கரூருக்கு.)

இப்போது கருவிக்கு வருவோம். 1994 கொள்கையின் கீழ் செல்லுலார் சேவைக்கு ஜிஎஸ்எம் என்கிற ஐரோப்பியத் தரம்தான் விதிக்கப்பட்டது. 1982இல் ஐரோப்பிய நாடுகள் ஒரு குழு அமைத்து உண்டாக்கி, 1991இல் ஃபின்லாந்தில் நடைமுறைக்கு வந்த தரம் அது. எல்லை தாண்டும் ஐரோப்பியப் பயணியை மனதில் வைத்துச் செய்யப்பட்டதால் அதில் ஒரு முக்கியமான கருத்தாக்கம் இருந்தது: சிம் கார்டு. வாடிக்கையாளர் யார் என்பது ஒரு துண்டு அட்டையில்; கருவி வேறு. அட்டையைக் கழற்றி எந்தக் கருவியிலும் போட்டுக்கொள்ளலாம். ஆளும் கருவியும் பிரிக்கப்பட்டன. தரைவழி உரிமக்காரர்கள் தங்கள் டபிள்யூஎல்எல்லுக்குத் தேர்ந்தெடுத்த சிடிஎம்ஏ, அமெரிக்காவின் குவால்காம் வளர்த்தது. குரல் தெளிவிலோ அலைவரிசைச் சிக்கனத்திலோ அது மட்டமானதல்ல. சில விஷயங்களில் மேலானதே. ஆனால் இந்தியாவுக்கு வந்த வடிவத்தில் தொடக்கத்தில் அதற்குச் சிம் கிடையாது. எண் கருவிக்குள்ளேயே பதியப்பட்டிருந்தது.

2002 டிசம்பர் 28இல் ரிலையன்ஸ் இதைத் தொடங்கி, 2003 ஜூலையில் 501 ரூபாய் முன்பணத்துக்குக் கையில் போனைக் கொடுத்து மிச்சத்தை மாதத் தவணையில் வாங்கிக்கொள்வதாக அறிவித்தபோது இந்தியா முழுவதும் கடைகளில் கூட்டம் முட்டியது. செல்போன் என்பது பணக்காரன் பெல்ட்டில் தொங்குவது என்ற நிலையை உடைத்ததில் அந்த 501 ரூபாய்க்குப் பங்கில்லை என்று எவரும் சொல்ல முடியாது. இடதுசாரி நண்பர்கள் இதை ஒத்துக்கொள்ளத் தயங்குவார்கள், ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வாங்கியவன் கையில் இருந்தது என்ன? பேசும் கருவியா, கம்பெனியின் ஒரு முனையா? கம்பெனி பிடிக்கவில்லையென்றால் எண் போகும், கருவியும் போகும். வேறு கம்பெனி அட்டையைப் போட அதில் ஓட்டையே கிடையாது. தவணை முடிந்து கருவி சட்டப்படி நமக்குச் சொந்தமான பிறகும் அதை இயக்கும் உரிமை இன்னொருவனிடம். குத்தகை நிலத்தில் சொந்தக் கிணறு வெட்டியவன் கதை.

செல்லுலார் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. ஏலத்தில் பெருந்தொகை கட்டி உரிமம் வாங்கியவர்கள் அவர்கள்; இன்னொருவன் குறைந்த காசுக்குக் கொல்லைப்புறமாக உள்ளே வந்தால் கோபம் வரும்தான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2002 டிசம்பரில் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயத்துக்கே திரும்பி, 2003 ஆகஸ்டில் டபிள்யூஎல்எல்லுக்குச் சாதகமாக முடிந்தது. இடையில், 2003 ஜனவரியில், சில செல்லுலார் கம்பெனிகள் டபிள்யூஎல்எல் போன்களிலிருந்து வந்த அழைப்புகளைத் தங்கள் வலைப்பின்னலுக்குள் விட மறுத்தன. அரசு தலையிட வேண்டியதாயிற்று. 2003 நவம்பரில் ஒருங்கிணைந்த உரிமம் என்று ஒன்று வந்தது. நுழைவுக் கட்டணம் கட்டியவர்களுக்கு அந்த எஸ்டிடி எண் எல்லை இல்லாமல் போயிற்று. இரண்டு வருஷமாகக் கடக்க முடியாததாக இருந்த கோடு, பணம் கட்டியதும் காணாமல் போயிற்று! டவர் எதையும் மாற்றவில்லை, மலை எதையும் உடைக்கவில்லை. இத்தனை வழக்குகளின் மையத்தில் இருந்த கேள்வி அரசுக்குச் சேர வேண்டிய தொகை, போட்டியில் சமநிலை ஆகியவைதாம். வையம்பட்டியிலிருந்து திருச்சிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் வழியில் வீட்டுக்குப் பேச வேண்டியிருக்குமே என்பது எந்தத் தரப்பின் வாதத்துக்கும் அச்சாணியாக இருக்கவில்லை.

இதற்கு ஒரு முன்கதை உண்டு, அதுவும் வையம்பட்டி வழியாகவே ஓடுகிறது. ரயில் பாதையின் அகலம். நாகப்பட்டினத்திலிருந்து 1862இல் திருச்சிக்கு வந்த ரயில் ஐந்தடி ஆறங்குல அகலப்பாதையில் வந்தது. 1870இல் வைஸ்ராய் மேயோவின் அரசு, செலவைக் குறைக்க இனிக் கிளைப் பாதைகள் மீட்டர் அகலத்தில் போதும் என்று முடிவெடுத்தது. வையம்பட்டி வழியாகத் திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் பாதை 1875இல் மீட்டர் கேஜில் போடப்பட்டது. தென்னிந்திய ரயில்வே தன்னிடமிருந்த அகலப்பாதையையும் பிடுங்கி மீட்டராக்கியது. பிறகு 1929இல் ஈரோடு-திருச்சிப் பாதையை மறுபடியும் அகலமாக்கினார்கள். விளைவு? மேற்கிலிருந்து வரும் சரக்கும் தெற்கே போகும் சரக்கும் திருச்சியில் ஒரே தண்டவாளத்தில் சந்திக்க முடியாது. இறக்கி ஏற்ற வேண்டும். மூட்டையை முதுகில் சுமந்து ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு மாற்றியவர்களின் உழைப்புத்தான் இரண்டு அகலங்களுக்கும் இடையிலான 'இணைப்பு'. 1992இல் ஒரே அகலத் திட்டம் தொடங்கி, தொண்ணூறுகளின் இறுதியில் திருச்சி-திண்டுக்கல் பாதை அகலமாகும் வரை இதுதான் நிலை. அகலத்தை முடிவு செய்தவர்கள் கல்கத்தாவிலும் லண்டனிலும் இருந்தார்கள்; சுமை இங்கே இறங்கி ஏறியது.

செல்போன் காலத்தில் அந்த மூட்டை தூக்குகிற வேலையை வாடிக்கையாளரே செய்துகொண்டார். இரண்டு போன் வைத்துக்கொண்டார். ஒரு போனில் இரண்டு மூன்று சிம்மை மாற்றி மாற்றிப் போட்டார். மிஸ்டு கால் கொடுத்தார். 'இந்தப் போன்ல அந்தக் கார்டு சேருமா?' என்று கடைக்காரரிடம் கேட்டார். இந்தச் 'சேரும்', 'சேராது' என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். 'பொருத்தம்' என்பதும் அப்படியே. கல்யாணத் தரகர் பாஷை. தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. ஒரே நெட்வொர்க்குக்குள் பேசினால் சலுகை, வெளியே பேசினால் கூடுதல் என்று கம்பெனிகள் கட்டணம் வைத்தபோது, குடும்பம் மொத்தமும், சொந்தக்காரர் மொத்தமும் ஒரே கம்பெனிக்குள் வந்து சேர்ந்தன. கொடுக்கல் வாங்கல் உள்ளுக்குள்ளேயே. அகமணத்தில் ஊறிய சமூகத்துக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை! பின்னாளில், 2019 அக்டோபரில், வெளி நெட்வொர்க்குக்கு நிமிடத்துக்கு 6 காசு என்று ஜியோ வாங்கத் தொடங்கி, இணைப்புக் கட்டணம் ஒழிந்த 2021 ஜனவரி வரை வாங்கியதும் இதே தர்க்கம்தான்.

கம்பெனிகள் கட்டிய சுவரில் சனங்கள் கண்டுபிடித்த பொந்து, இரண்டு சிம் போடும் மலிவான சீனப் போன். பெரிய பிராண்டுகள் மெனக்கெடாத காலத்தில், பெட்டிக்கடை வரைக்கும் வந்து சேர்ந்த இந்தக் கருவிகள் ஒரே நேரத்தில் இரண்டு கம்பெனிக்கும் விசுவாசமில்லாமல் இருக்க வழிசெய்தன. பலவற்றில் முறையான ஐஎம்இஐ அடையாள எண் கிடையாது. 2009 நவம்பர் முடிவோடு அப்படிப்பட்ட போன்களை நெட்வொர்க்குகள் துண்டிக்க வேண்டுமென அரசு உத்தரவிட்டது. பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் அடையாளமில்லாத கருவி என்பது கிட்டத்தட்ட எப்போதும் ஏழையின் கருவிதான்.

எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றும் உரிமை, 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20இல் நாடு முழுவதுக்கும் வந்தது. அதுவும் வட்டத்துக்குள் மட்டுமே. வட்டம் தாண்டி எண்ணைக் கொண்டுபோக 2015 ஜூலை வரை காத்திருக்க வேண்டும். மறுபடியும் வரையறுக்கப்பட்ட நகர்வு. சிடிஎம்ஏக்காரர்களுக்கு இது பாதி விடுதலைதான். எண் போகும், போன் போகாது. அமெரிக்காவிலும் வெரைசான், ஸ்பிரிண்ட் ஒரு பக்கம், ஏடி அண்ட் டி, டி-மொபைல் மறுபக்கம் என்று இதே பிளவு இருந்தது. கம்பெனி போட்ட பூட்டை வாடிக்கையாளர் திறப்பது குற்றமில்லை என்று சொல்ல அங்கே 2014இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

இந்த உரிமையின் உண்மையான சோதனை 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடந்தது. 1999இல் தொடங்கிய ஏர்செல், சிறுநகரங்களிலும் கிராமங்களிலும் ஊறிப்போன கம்பெனி. கடனில் மூழ்கி, டவர்களுக்குப் பணம் கட்ட முடியாமல், அந்த மாதம் மூன்றாவது வாரத்தில் மாநிலத்தின் பெரும்பகுதியில் அணைந்தது. சில நாளில் திவால் மனுவும் போட்டது. மாறிக்கொள்ள உரிமை இருக்கிறதே என்கிறீர்களா? இருக்கிறது. அதற்கு அந்த எண்ணிலிருந்தே 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும், ஒரு குறியீடு அந்த எண்ணுக்கே திரும்பி வர வேண்டும். செத்த நெட்வொர்க்கில் எதை அனுப்புவது, எதில் வாங்குவது? காஃப்கா எழுத வேண்டிய காட்சி. சிக்னல் கொஞ்சம் கிடைக்கிற இடம் தேடி அலைந்தார்கள், கடைகளில் கூடினார்கள். குறியீட்டைத் தர மாற்று வழிகளைச் செய்யச் சொல்லி டிராய் எனப்படும் ஒழுங்குமுறை ஆணையம் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் எண் என்பது வெறும் எண்ணாக இல்லை. வங்கிக் கணக்கு, காஸ் மானியம் எல்லாம் அதில் தொங்கிக்கொண்டிருந்தன. திருப்பூரிலிருந்து வீட்டுக்குப் பணம் போட்டவனுக்கு, வந்துவிட்டது என்று சொல்லக் குரல் இல்லை.

ரிலையன்ஸ் தன் சிடிஎம்ஏயை 2016இல் மூடியது. 2017 முடிவில் குரல் சேவையையே நிறுத்தியது. டாடாவின் செல்போன் பிரிவு 2019இல் ஏர்டெல்லோடு கலந்தது. 501 ரூபாய்ப் போன்களின் வாரிசுகள் மேசை இழுப்பறைகளில் கிடக்கின்றன. ஒன்றையும் தட்டிப் பேசவைக்க முடியாது, பழுதாகியும் இருக்காது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது நாடகம் புதிய உடையில் திரும்பியது. 4ஜி மட்டும், பழைய 2ஜி, 3ஜி கிடையாது. எனவே பட்டன் போனில் அந்தச் சிம் எதற்கும் ஆகாது. பழைய கம்பெனிகளோ ஜியோவுக்குப் போதிய இணைப்பு முனைகளைத் தரவில்லை என்று புகார். அழைப்புகள் கோடிக்கணக்கில் தோற்றன. 2003 ஜனவரி மறுபடியும். மூன்று கம்பெனிகளுக்கும் சேர்த்து 3,050 கோடி அபராதம் விதிக்கலாம் என்று டிராய் அந்த அக்டோபரில் பரிந்துரைத்தது. மறு ஆண்டே, இணைப்பு மறுக்கப்பட்டேன் என்று முறையிட்ட அதே கம்பெனி 1,500 ரூபாய் வைப்புத்தொகைக்கு ஒரு போனை வெளியிட்டது. ஜியோ சிம் தவிர வேறெதுவும் அதில் எடுக்காது.

2020 ஜூலையில், இந்தியாவின் முதல் செல்போன் அழைப்புக்கு இருபத்தைந்தாண்டு ஆன நாளில், 2ஜியை வரலாற்றுக்குள் அனுப்பிவிட வேண்டுமென்று முகேஷ் அம்பானி பேசினார். 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் கட்டணத்தை உயர்த்தியதும் பிஎஸ்என்எல்லுக்குத் திரும்பியவர்கள், அதன் 4ஜிக்காகக் காத்திருந்தார்கள். 2025 செப்டம்பரில் அது நாடு தழுவியதாகத் தொடங்கிவைக்கப்பட்டது. அதில் ஒரு பகுதி 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். பழைய 4ஜி போன்கள் சிலவற்றுக்கு அந்த அலைவரிசை தெரியாது. டவர் எதிரே நிற்கும், கார்டு உள்ளே இருக்கும். கடைக்காரர் போனைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'இதுல சேராதுங்க' என்பார்.